நாப்பழக்கமும் நாள்கணக்கும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் இளம் எழுத்தாளர்களுக்கு அறிவுரையாக வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நாள்தோறும் ஆயிரம் சொற்களாவது எழுதாதவர் தம்மை எழுத்தாளர் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்றும், 'சித்திரமும் கைப்பழக்கம்' என்று ஔவையாரே சொல்லிவிட்டார் என்றும் கட்டுரையாளர் முடித்திருந்தார். அவருடைய அக்கறையை மதிக்கிறேன். எழுத வேண்டும் என்ற ஆசையை மட்டும் வைத்துக்கொண்டு உட்காராமலே காலத்தைக் கழிப்பவர்களை நினைத்து அவர் எழுதியிருக்க வேண்டும். ஆனாலும், ராயப்பேட்டையிலும் திருவல்லிக்கேணியிலும் 34 ஆண்டுகள் அச்சகங்களில் புரூஃப் பார்த்து, பிறர் எழுத்தை வரி வரியாகப் படித்தே குடும்பம் நடத்தியவன் என்ற முறையில், அந்த முடிவைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை.

முதலில் அந்தப் பாடலையே எடுத்துக்கொள்கிறேன். மேடைகளிலும் பயிலரங்குகளிலும் அதன் முதல் இரண்டு சொற்களே திரும்பத் திரும்பச் சொல்லப்படுகின்றன. ஔவையார் பெயரில் வழங்கும் அந்தத் தனிப்பாடல், 'சித்திரமும் கைப்பழக்கம் செந்தமிழும் நாப்பழக்கம், வைத்ததொரு கல்வி மனப்பழக்கம்' என்று போகிறது. கைக்கு உரியதாக அவர் சொன்னது சித்திரம். தமிழுக்குச் சொன்னது நா. கல்விக்குச் சொன்னது மனம். வாசல் தெளித்துக் கோலமிடும் பெண்களின் விரல்களைக் கவனித்தவர்களுக்கு முதல் தொடரின் பொருள் உடனே விளங்கும். மார்கழி முழுக்கப் போட்டுப் பழகிய கை புள்ளியை எண்ணாமலே வைக்கிறது. ஆறு மாதம் விட்டுவிட்டால் இழை தடுமாறுகிறது. 'நித்தம்' என்ற சொல்லும் அந்த வெண்பாவில் வரத்தான் செய்கிறது, ஆனால் அது போய்ச் சேர்வது 'நடை'யோடு. எழுத்தின் போக்கையும் நாம் நடை என்று சொல்வதால், அதை நாள்தோறும் எழுதச் சொல்லும் கட்டளையாகப் படித்துக்கொள்ள ஆசை எழலாம். பாட்டில் அது குறிப்பது ஒழுக்கத்தையே. மொழியின் பழக்கம் என்று ஔவையார் வைத்தது வாய்விட்டுச் சொல்வதையும் காதால் கேட்பதையும்தான். அவற்றை ஒரு நாளும் விடாமல் செய்ய வேண்டும் என்று கட்டுரையாளர் எழுதியிருந்தால், இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை தலபுராணங்களைப் பாடிய விதத்தை, உடனிருந்து கண்ட மாணவராகிய உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திரம்' நூலில் எழுதியிருக்கிறார். பிள்ளையவர்கள் செய்யுளை மனத்துக்குள் முடித்துக்கொண்டு வாயால் சொல்லச் சொல்ல, மாணவர் ஒருவர் எழுத்தாணியால் ஏட்டில் எழுதிக்கொண்டே போவார். எழுதிய கை வேறொருவருடையது. இயற்றியவை பிள்ளையவர்களின் நெஞ்சும் நாவும். அந்த வேகத்துக்கு அடியில் இருந்தது, பல ஆண்டுகள் ஓயாமல் பாடம் கேட்டதும் பாடம் சொன்னதும்.

சாமிநாதையரின் வாழ்க்கையோ இந்த வாதத்தின் இரண்டு பக்கங்களுக்கும் சாட்சியாக நிற்கிறது. 1880-இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார் சமணக் காப்பியமாகிய சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்ட நாளிலிருந்து 1887-இல் அந்த நூல் அச்சாகி வெளிவந்த நாள்வரை, ஏடு தேடுவதிலும், பிரதிகளை ஒப்பிட்டு, ஏட்டுக்கு ஏடு சொல் மாறும் பாடபேதங்களைக் குறிப்பதிலும், விளங்காத இடங்களுக்குச் சமண நண்பர்களிடம் பொருள் கேட்பதிலும் அவருக்கு ஏழாண்டுகள் போயின. அந்த ஏழாண்டுகளை நாளொன்றுக்கு இத்தனை சொல் என்ற படியால் யார் அளக்க முடியும்? அதே பெரியவர், எண்பத்தைந்தை எட்டும் வயதில், 1940-இல் ஆனந்த விகடனில் தம் வரலாற்றைத் தொடராக எழுதத் தொடங்கினார். 1942-இல் காலமானபோது அது முற்றுப்பெறாமல் நின்றது. காத்திருக்க வேண்டிய வேலைக்குக் காத்திருந்தார், வாரத்துக்கு வாரம் கொடுக்க வேண்டிய வேலைக்குக் கொடுத்தார். வேலை எதைக் கேட்டதோ அதைச் செய்தார் என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

நான் நேரில் கண்டதையும் சொல்ல வேண்டும். 1978-இல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஈய எழுத்துகளைக் கையால் பொறுக்கிக் கோத்த காலம். வார இதழ் ஒன்றின் தொடர்கதை எங்கள் அச்சகத்தில் அச்சாகிவந்தது. செவ்வாய்க்கிழமை மாலை எழுத்தாளர் வீட்டிலிருந்து ஒரு பையன் சைக்கிளில் கைப்பிரதியைக் கொண்டுவருவான். ஃபோர்மன் அதை நான்கைந்து பங்காகப் பிரித்துக் கம்பாசிட்டர்களிடம் கொடுப்பார். ஒருவர் அத்தியாயத்தின் தொடக்கத்தைக் கோத்துக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் முடிவைக் கோத்துக்கொண்டிருப்பார். மை காயாத முதல் புரூஃப் என் மேசைக்கு வரும்போது இரவு எட்டு மணி ஆகிவிடும். ஓர் அத்தியாயத்தில் 'திடீரென்று' என்ற சொல்லை நான் ஏழு இடங்களில் வட்டமிட்டேன். மூன்றாம் வாரத்தில் கதாநாயகிக்குச் சித்தப்பாவாக இருந்தவர் பதினோராம் வாரத்தில் தாய்மாமன் ஆகியிருந்தார். அதே சமயம், அந்த எழுத்தில் ஓர் ஓட்டம் இருந்தது. உரையாடல் எங்கும் முட்டாது, வாக்கியம் எங்கும் மூச்சு வாங்காது. ஓயாமல் எழுதிய கைக்குக் கிடைத்த வரம் அது என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

அதே அச்சகத்துக்குச் சிற்றிதழ் ஒன்றும் வரும். அதில் ஆண்டுக்கு ஒரு கதை, மிஞ்சினால் இரண்டு கதை எழுதிய ஒருவர் இருந்தார். வங்கியில் வேலை பார்த்தவர். அலுவலகம் முடிந்து நேராக வந்து, என் மேசைக்கு எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்து, மூன்றாவது புரூஃபையும் தாமே படிப்பார். ஒரு முறை 'அவனும் சிரித்தான்' என்ற இடத்தில் 'உம்'மை எடுத்துவிடச் சொன்னார். எடுத்தோம். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, வங்கிக்குப் போகும் வழியில் வந்து, அதைத் திரும்பச் சேர்க்கச் சொன்னார். கம்பாசிட்டருக்குக் கோபம் வந்தது. இரண்டாவது முறையாக அந்த வரியைப் பிரித்துக் கோக்க வேண்டியிருந்தது. எனக்குக் காரணம் புரிந்தது. அது எச்சவும்மை. அது நின்றால், அவனுக்கு முன்பே அந்த அறையில் வேறு யாரோ சிரித்திருக்க வேண்டும். கதையில் அப்படி ஒருவரை அவர் காட்டவில்லை. யார் அந்த இன்னொருவர் என்ற கேள்வி வாசகனுக்கு எழட்டும் என்று இரவோடு இரவாக முடிவு செய்திருக்கிறார். அந்த இரவில் அவர் ஒரு வரிகூட எழுதவில்லை. நான் புரூஃப் பார்த்த பல்லாயிரம் பக்கங்களில், எழுத்தாளர் ஒருவர் உண்மையாக வேலை செய்ததைக் கண்ணால் கண்டேன் என்று சொல்லத்தக்க தருணங்களில் அதற்கே முதலிடம் கொடுப்பேன்.

நாள்தோறும் எழுதினால் தரம் குறையும் என்று நான் வாதிடவில்லை. கல்கி 1950 முதல் 1954 வரை வாராவாரம் 'பொன்னியின் செல்வ'னை எழுதியபோது ஒரு பத்திரிகையின் ஆசிரியர் பொறுப்பையும் சுமந்தார். அந்தக் கதைக்காக ஓவியர் மணியத்துடன் இலங்கைக்கும் போய்வந்தார். ஜெயமோகன் 2014 ஜனவரியில் தொடங்கி 2020-இல் நிறைவுசெய்த 'வெண்முரசு' 26 நாவல்களைக் கொண்டது. நாளுக்கு ஓர் அத்தியாயமாக இணையத்தில் வெளிவந்தது. அவ்வளவு பெரிய வேலையை அன்றாட உழைப்பு இல்லாமல் யாரும் கட்டி முடிக்க முடியாது. கட்டுரையாளர் எடுத்துக்காட்டிய ஆங்கில நாவலாசிரியர் அந்தோணி டிரோலப்பும் அப்படிப்பட்டவரே. அஞ்சல் துறை அதிகாரியாக இருந்துகொண்டே, விடியற்காலை ஐந்தரை மணிக்கு மேசையில் உட்கார்ந்து, கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள் எழுதியதாக, அவர் மறைவுக்குப் பின் 1883-இல் வெளிவந்த தன்வரலாற்றில் சொல்லியிருக்கிறார். ஆனால் அதே இடத்தில் அவர் சொன்ன இன்னொரு செய்தியைக் கட்டுரையாளர் விட்டுவிட்டார். அந்த மூன்று மணி நேரத்தில் முதல் அரை மணி நேரம், முந்தைய நாள் எழுதியதைப் படித்து, சொற்களின் ஓசையைக் காதால் எடைபோடுவதில் கழிந்ததாம். பாட்டி சொன்ன நாப்பழக்கம் இங்கிலாந்திலும் வேறு பெயரில் இருந்திருக்கிறது என்று எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

மறுபக்கத்தில் நிற்பவர்களையும் பாருங்கள். மௌனி வாழ்நாள் முழுவதும் எழுதிய சிறுகதைகள் இருபத்தைந்தைத் தொடவில்லை. அவரைச் சிறுகதையின் திருமூலர் என்று அழைத்தவர் புதுமைப்பித்தன். புதுமைப்பித்தனோ பத்திரிகை அலுவலகங்களில் வேலை பார்த்துக்கொண்டு, விரைந்து எழுதி, 42 வயதில் மறைந்தவர். ஆண்டுக்கு ஒரு பாடலாக மூவாயிரம் பாடல் தந்ததாகச் சொல்லப்படும் திருமூலரை, வேகமாக எழுதிய ஒருவர் மெதுவாக எழுதிய ஒருவருக்கு உவமையாகச் சொன்னார் என்றால், அங்கே எவ்வளவு மரியாதை இருந்திருக்க வேண்டும்! சுந்தர ராமசாமியின் மூன்று நாவல்களும் 1966, 1981, 1998 ஆகிய ஆண்டுகளில் வந்தவை. ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிக் 'கரிப்பு மணிகள்' எழுதுவதற்கு முன் அந்த மக்களிடையே போய்ப் பழகி, அவர்கள் பேச்சைக் கேட்டு வந்தார். உப்புப் பாத்தி ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த நாளை எழுதாத நாள் என்று கழித்துவிட யாருக்கு உரிமை இருக்கிறது?

எங்கள் திருவல்லிக்கேணியில் வாழ்ந்து மறைந்த பாரதியாரிடமும் இது விளங்கும். 1904 முதல் 'சுதேசமித்திர'னிலும் பிறகு 'இந்தியா'விலும் பத்திரிகைக்காக எழுதி எழுதியே அவருடைய உரைநடை உரம் பெற்றது. அது கைப்பழக்கத்தின் பயன். புதுச்சேரியில் 1910-இல் 'இந்தியா' நின்றுபோனது. வாரந்தோறும் பக்கங்களை நிரப்ப வேண்டிய கட்டாயம் விலகிய பிறகு, 1912-ஐ ஒட்டிய காலத்தில் 'பாஞ்சாலி சபத'மும் 'கண்ணன் பாட்டு'ம் 'குயில் பாட்டு'ம் பிறந்தன. அந்தப் பத்திரிகை நின்றது நாட்டுக்கு இழப்பு என்பதை மறக்கவில்லை. ஒரே மனிதருக்குள்ளும் கெடுவுக்கு எழுதிய காலமும் கெடு இல்லாமல் எழுதிய காலமும் வேறு வேறு விளைச்சலைத் தந்தன என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் கட்டுரையாளருக்கு மனமார விட்டுக்கொடுக்கிறேன். நாவல் எழுதிக்கொண்டிருப்பவர், அதன் நடுப்பகுதியில் பத்து நாள் விட்டுவிட்டால், பாத்திரங்களின் குரல் காதிலிருந்து நழுவிவிடுகிறது. மீண்டும் பிடிக்க இருபது நாள் ஆகிறது. எங்கள் வாசகர் வட்டத்தில் இருவருக்கு இது நேர்ந்ததை நான் அறிவேன். அந்த மாதங்களில் அன்றாடம் உட்காரத்தான் வேண்டும், நான்கு வரியாவது எழுதத்தான் வேண்டும். சிறுகதைக்கும் கவிதைக்கும் இதே விதியைப் பொருத்துவது சரியில்லை.

இவ்வளவையும் நான் எழுத நேர்ந்ததற்குக் காரணம் எங்கள் வட்டத்தைச் சேர்ந்த ஒரு சகோதரி. திருவல்லிக்கேணியில் ஒரு கிளை நூலகத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் மாதம் ஒரு முறை கூடி, எழுதியதைப் படித்துக் காட்டிப் பேசுகிறோம். அவர் தியாகராய நகரில் ஒரு துணிக்கடையில் சேலைப் பிரிவில் விற்பனையாளர். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடைகளில் மூச்சுவிட நேரமிருக்காது என்பது சென்னையில் எல்லோருக்கும் தெரியும்; அவருக்கு வார விடுப்பு புதன்கிழமை என்பதால், ஞாயிறு கூடிவந்த வட்டத்தைப் புதனுக்கு மாற்றினோம். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று நம் மாநிலத்தில் 2021-இல் சட்டத் திருத்தம் வந்தது. வாடிக்கையாளர் முன்னால் நிற்கும்வரை அந்த இருக்கை யாருக்கும் பயன்படுவதில்லை என்று அவர் ஒரு முறை சொன்னார். காலை ஐந்து மணிக்கு முன் எழுந்து, தண்ணீர் பிடித்து, சமைத்து, இரண்டு பிள்ளைகளை அனுப்பிவிட்டு, குரோம்பேட்டையிலிருந்து மின்சார ரயிலில் மாம்பலம் வந்து இறங்குபவர், வீடு திரும்பும்போது இரவு பத்தரை மணி. இரண்டரை ஆண்டுகளில் மூன்று கதைகள் எழுதியிருக்கிறார். சேலை மடிப்புக்குள் வைத்து வரும் அட்டைகளைக் கடையில் எறிந்துவிடுவார்கள். அவற்றில் ஒரு பக்கம் வெள்ளையாக இருப்பவற்றைப் பொறுக்கி வைத்துக்கொண்டு, பென்சிலால் எழுதுவார். வாக்கியத்தை ரயிலில் வாய்க்குள் பல நாள் சொல்லிப் பார்த்து, சரியாக விழுந்த பிறகே அட்டையில் எழுதுவது அவர் வழக்கம். அதனால் அவருடைய அட்டைகளில் அடித்தல் திருத்தல் மிகக் குறைவு. புரூஃப் பார்த்த கண்ணால் சொல்கிறேன், அந்த மூன்று கதைகளிலும் எடுத்துவிடத்தக்க சொல் ஒன்றைக் காண்பது அரிது.

சென்ற ஆண்டு, ஒரு நாள் சம்பளத்தை விட்டு விடுப்பு எடுத்துக்கொண்டு, நகரில் நடந்த ஓர் எழுத்துப் பயிலரங்குக்கு அவர் போனார். நாள்தோறும் எழுதுபவர்கள் கையைத் தூக்குங்கள் என்று பயிற்சி கொடுத்தவர் கேட்டிருக்கிறார். பாதிப் பேர் தூக்கினார்கள். மற்றவர்களைப் பார்த்து, நீங்கள் எழுத்தாளர்கள் இல்லை, எழுத ஆசைப்படுபவர்கள், ஆசையை வேறு எதிலாவது தீர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார். அதன் பிறகு ஐந்து மாதம் அந்தச் சகோதரி வட்டத்துக்கு வரவில்லை. நான் தொலைபேசியில் கேட்டபோது, "எனக்கு அதுக்கெல்லாம் தகுதி இல்லைங்க ஐயா, சும்மா உங்க நேரத்தை வீணாக்கிட்டேன்" என்றார். அவர் குரலில் வருத்தம்கூட இல்லை, முடிந்துபோன ஒன்றைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை. நாள் என்பது தம் கையில் இருப்பவர்கள் வகுத்த விதியை, ஒரு நாளில் அரை மணி நேரம்கூடத் தமக்கென்று இல்லாதவர்கள் மேல் தகுதித் தேர்வாக வைப்பது அநீதி. வீட்டுப் பெண்கள், ஷிப்ட் மாறி மாறி வேலை பார்ப்பவர்கள், நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்கள், கடைப்பிள்ளைகள் ஆகியோரின் அனுபவம் தமிழில் எழுதப்படாமல் கிடக்கிறது என்று கட்டுரைக்குக் கட்டுரை வருந்துகிறோம். அவர்கள் எழுத வரும்போது வாசலில் கணக்குப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நிற்கிறோம்.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். அந்த ஞாயிறு கட்டுரைக்குத் தொடர்ச்சியாக, விட்டு விட்டு எழுதும் எழுத்தாளர்கள் சிலரிடம், குறிப்பாக வேறு வேலையில் இருந்துகொண்டு எழுதும் பெண்களிடம், அவர்கள் எப்போது, எங்கே, எப்படி எழுதுகிறார்கள் என்று கேட்டு வெளியிடுங்கள். எழுதாத நாள்களில் அவர்கள் மொழியோடு என்ன உறவு வைத்திருக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். புதிதாக எழுதத் தொடங்குபவர்கள் அதையும் படித்துவிட்டுத் தமக்கு ஏற்றதைத் தேர்ந்துகொள்ளட்டும்.

அந்தச் சகோதரி சென்ற மாதப் புதன்கிழமை திரும்ப வந்தார். ரேஷன் கடை வரிசையைப் பற்றிய புதிய கதையின் தொடக்கம் மட்டும் ஓர் அட்டையில் இருந்தது. கடை திறந்ததும் வரிசை நகர்ந்தது என்று முதலில் வைத்திருந்தாராம். நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், திறந்தவுடன் யாரும் நகர்வதில்லை, பின்னால் இருப்பவர்கள் முன்னால் இருப்பவர்கள் மேல் சாய்கிறார்கள் என்பதற்காக அதை விட்டுவிட்டாராம். 'கடை திறந்தது. வரிசை இறுகியது' என்று எங்களுக்குப் படித்துக் காட்டினார். நாங்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றோம். அவர் இன்னும் இரண்டு முறை தமக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, 'இறுகியது' என்ற சொல்லின் கீழ் பென்சிலால் ஒரு கோடு இழுத்து, அடுத்த மாதம் சொல்கிறேன் என்று அட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர்,
திருவல்லிக்கேணி, சென்னை 600 005